நாட்டிலேயே குட்டையான ரயில்பாதை

மார்ச் 4, புதன்

நான்கு நடை. எண்பத்தொரு பயணிகள். மறந்து விடப்பட்டவை: ஒரு குடை, ஒரு செருப்பு (இடது கால்). குடை புரிகிறது. ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒருவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்?

நில அளவைத் துறையில் முப்பத்தேழு வருடம் இருந்தேன். எனக்குக் கீழே யாரும் இல்லை. மேலே எல்லோரும் இருந்தார்கள். இப்போது பாரம்பரிய ரயில் சங்கத்தின் தொண்டன். புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் கடைசி நிறுத்தத்துக்கு நான்தான் நிலைய அதிகாரி. ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகைக் கம்பம், ஒரு பெஞ்சு, பச்சைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. நான் பச்சை காட்டாமல் ரயில் திரும்பக் கிளம்ப முடியாது. பாதையில் ஓடுவதே ஒரு ரயில்தான், எதிரே எதுவும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம். நான் கையை அசைத்து ஒரு பொருள் நகர்வது என் வாழ்க்கையில் இங்கே மட்டும்தான்.

இறங்கி உலவுகிறவர்களிடம் வழக்கம்போல் கேட்டேன்: ஏன் வந்தீர்கள்? (இந்தக் கணக்கெடுப்பை யாரும் கேட்கவில்லை. நானாக எடுக்கிறேன்.) வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா சொன்னார்: "மத்த ரயிலெல்லாம் என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுது சார். அங்க ஒரு வேலை காத்துக்கிட்டு இருக்கு. இது ஒண்ணுதான் பேசாம திருப்பிக் கூட்டிட்டு வந்துடுது." ஒரு லாரிக்காரர்: "சலிப்பு தட்டறதுக்குள்ள முடிஞ்சிடுது. கல்யாணத்துக்கும் இப்படி ஒரு திட்டம் இருந்தா நல்லது." பக்கத்திலேயே அவர் மனைவி. அவரைவிட மனைவிதான் அதிகம் சிரித்தார்.

வீட்டில் இதைச் சொன்னேன். "ஏறுன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு ஒரு டிக்கெட்டா?" என்றாள் மனைவி. மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். எதற்கும் ஒரு பலன் தெரியவேண்டும். ஒருமுறைகூட ரயிலுக்கு வந்ததில்லை.

நானும் கூப்பிட்டதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சங்கக் கூட்டம். ஒன்பது பேர், ஐந்து துணைக்குழுக்கள். தலைவர் முன்னாள் பல் டாக்டர். இப்போதும் யார் பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

மேசையில் ஒரு பத்திரிகைத் துண்டு. வேறொரு ஊர்ச் சங்கம் பழைய பாதை ஒன்றைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறது. 1,620 மீட்டர். 'நாட்டிலேயே மிகக் குட்டையான பாரம்பரிய ரயில்பாதை.' இதே வாசகம்தான் நம் முகப்புப் பலகையிலும், சட்டைகளிலும், கிடங்கில் இருக்கும் ஆயிரத்து நூறு பீங்கான் கோப்பைகளிலும் இருக்கிறது. பலகையில் உள்ள நம் நீளம் 1,640.

"இருபது மீட்டர்ல மானம் போயிடுச்சு," என்றார் தலைவர்.

வக்கீல் (சங்கத்தின் சட்ட ஆலோசகர், எங்களில் இளையவர், அறுபத்தொன்று) சொன்னார்: "மொதல்ல நம்ம அளவு சரியான்னு பாப்போம். சார்தான் சர்வேயில இருந்தவராச்சே."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ "சரிங்க" என்றார்கள். நான்தான்.

மார்ச் 12, வியாழன்

மூன்று முறை அளந்தேன். தண்டவாளத்தின் ஒரு கோடியில் ரயிலைத் தடுக்க வைத்திருக்கும் முட்டுக்கட்டையிலிருந்து மறு கோடி முட்டுக்கட்டை வரை. 1,640.3. மூன்றும் ஒன்றே.

தலைவர் போனில்: "நாடா தளர்வா இருந்திருக்குமோ?"

"தளர்ந்தா அளவு அதிகமாத்தான் சார் காட்டும்."

"அப்ப நல்லா இழுத்துப் புடிங்களேன்."

முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கறேன் சார்" என்றேன். போய்ப் பார்த்தேன். 1,640.3.

மார்ச் 15, ஞாயிறு

அவசரக் கூட்டம். முப்பது மீட்டர் தண்டவாளத்தைப் பிடுங்குவது என்று தீர்மானம். எந்தக் கோடியில்? பெரிய நிலையத்துப் பக்கம் டீக்கடை, கோப்பைக் கடை, தலைவரின் கார் நிற்கும் நிழல். ஆகவே என் கோடியில்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு? சார் மட்டும்தானே," என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானே தலையாட்டினேன். 'ஒருமனதாக' என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு மனதில் ஒன்பதில் ஒரு பங்கு என்னுடையது.

மார்ச் 28, சனி

இப்போது 1,610. அவர்களைவிடப் பத்து மீட்டர் குட்டை. தலைவர் கோப்பையில் டீ குடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

என் மேடைக்கு அப்பால் என்ஜின் கழன்று, பக்கத் தண்டவாளத்தில் சுற்றி, ரயிலின் மறுமுனையில் மாட்டிக்கொள்ள இடம் இருந்தது. போயிற்று. திரும்பும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓட்டுநரை நாங்கள் புகையண்ணன் என்போம். முப்பது வருடம் ரொட்டி அடுப்பு நடத்தியவர். கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. "அடுப்புக்கு முதுகு காட்டி நான் ஒருநாளும் வேலை பாத்ததில்லண்ணே. யாருண்ணே இவங்களுக்கு இந்த யோசனையெல்லாம் குடுக்கறது?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

கூட்டம் இரண்டு மடங்கு. ஏன் வந்தீர்கள்? "குட்டையாயிடுச்சாமே. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்." தண்டவாளம் இல்லாத இடத்தை வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். ஒரு கைக்குழந்தையை அங்கே உட்காரவைத்துக்கூட எடுத்தார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

அவர்களும் வெட்டிவிட்டார்கள். 1,595.

தலைவர் கலங்கவில்லை. "ஒரு பல்லு ஆடுச்சுன்னா பக்கத்துப் பல்லையும் சேத்துத்தான் பாக்கணும்." அறுபது மீட்டர். ஒருமனதாக.

ஏப்ரல் 12, ஞாயிறு

1,550. என் மேடையின் பாதி வரைதான் இப்போது தண்டவாளம். மேடையில் என்ஜின் மட்டும் நிற்கிறது. பயணிகள் இருக்கும் மூன்று பெட்டிகளும் பின்னால் புதருக்குள். இறங்கினால் முழங்கால் ஆழத்துக்குத் தரை. வீட்டிலிருந்து சமையலறை முக்காலியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பெட்டி போட்டேன். நூற்றுநாற்பது பேர். ஒவ்வொருவரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இடது தோள் வீங்கியிருக்கிறது.

பயணிகளுக்கு ஏக சந்தோஷம். "போன தடவை சாதாரணமா ஸ்டேஷன்ல எறங்கிட்டோம். இப்பதான் ஒரு இது இருக்கு," என்றார் ஒருவர். எது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மனைவி: "முக்காலி எங்க?"

"ஸ்டேஷன்ல."

"மேல் தட்டுல இருக்கிற டப்பாவை எடுக்க நான் எது மேல ஏற? உங்க தோள் மேலயா?"

தோளைக் காட்டவில்லை. நாளைக்கே கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். கொண்டுவர முடியாது என்று தெரிந்தே சொன்னேன். இது பொய்யா, வெறும் கோழைத்தனமா?

ஏப்ரல் 21, செவ்வாய்

ஒரே வெட்டு. அவர்கள் 1,430.

நாங்கள் 1,400 என்று தீர்மானம். அப்படியென்றால் என் மேடைக்கு நூற்றிருபது மீட்டர் முன்னாலேயே பாதை முடிந்துவிடும். கடைசி நிறுத்தம் என்று ஒன்று இருக்காது. தீர்மானத்தில் இது 'இதர விளைவுகள்' என்ற தலைப்பில் ஏழாவதாக வருகிறது. ஆறாவது விளைவு, புல் வெட்டும் செலவு குறையும்.

எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும் என்று எழுந்து வாயைத் திறந்தேன். தலைவர் கூர்ந்து பார்த்தார். "கீழ் வரிசையில வலது கடைவாய், சீக்கிரம் யார்கிட்டயாவது காட்டிடுங்க சார்."

நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

கடைசி நாள். காலையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் வந்து பாரேன்" என்று வாசல்வரை மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். வெளியே வந்தது: "கிளம்பறேன்."

முப்பத்தேழு வருடத்தில் அவளை அலுவலகத்துக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு எதைக் காட்டுவது? மேசையையா? இங்கே காட்ட ஒரு கம்பம் இருந்தது, மேடை இருந்தது, கொடி இருந்தது — ரயில் என் பேச்சைக் கேட்டது.

நான்காவது நடைக்குப் பச்சை காட்டினேன். போயிற்று.

மே 2, சனி

போகாமல் இருக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நூற்றிருபது மீட்டருக்கு அப்பால் மரங்களுக்கு மேல் புகை வந்து நின்றது. எழுந்து பச்சை காட்டினேன். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. ஆனாலும் விசில் ஒருமுறை வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது.

"எங்க போயிருந்தீங்க?"

"ஸ்டேஷனுக்கு."

"எந்த ஸ்டேஷனுக்கு?"

கை கழுவப் போய்விட்டேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 6, புதன்

இன்று நான் உளவாளி.

எதிரிப் பாதையின் உண்மையான நீளத்தை ரகசியமாக அளந்து வரும்படி சங்கம் அனுப்பியது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாடாவைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அவர்கள் ரயிலில் ஏறிப் போய்க் கடைசியில் இறங்கும்போது அது நழுவி, மேடை முழுக்க உருண்டு, பத்து மீட்டர் விரிந்து ஒரு காலணிக்கு முன்னால் நின்றது. என் வயதில் ஒருவர். சட்டைப்பையில் மூன்று பேனா. குனிந்து நாடாவை எடுத்து, நான் சுற்றுவது மாதிரியே, விரலிடுக்கில் மடித்துத் துடைத்துச் சுற்றினார்.

"அளக்க வந்தீங்களா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"மன்னிச்சுடுங்க."

"இல்ல இல்ல, நீங்கதான் மன்னிக்கணும். நானும் உங்க பாதையை அளக்க ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன். பயமா இருந்துச்சு, திரும்பிட்டேன்."

அவர்கள் பாதையை அளந்தவர் அவர்தான். முன்பு அவரும் ஒரு கடைசி நிறுத்தத்தின் அதிகாரி. இப்போது அது வெறும் செடிகொடி. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த டீயைப் பங்கிட்டுக் குடித்தோம். பேச்சுவாக்கில், "எதுலேருந்து எது வரைக்கும் அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆளுங்க ஏறுற மேடையில கம்பம் இருக்கே, அதுலேருந்து எறங்குற மேடைக் கம்பம் வரைக்கும். ஏன், நீங்க?"

"முட்டுக்கட்டையிலேருந்து முட்டுக்கட்டை."

அவர் டீயைக் கீழே வைத்தார். "உங்க ஊர்ல முட்டுக்கட்டை மேலயா ஏறி உக்காந்து வர்றாங்க?"

கணக்குப் போட மூளை வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மேடைக்கு அப்பால் என்ஜினுக்காக விட்ட தண்டவாளத்தையும் பாதிப் பாதி மேடைகளையும் கழித்தால், அவர்கள் அளவு முறையில், நம் பாதை ஆரம்பத்திலிருந்தே 1,440. அவர்கள் திறந்தது 1,620இல்.

ஒரு சாண் தண்டவாளத்தையும் நாங்கள் தொட்டிருக்க வேண்டாம்.

மே 7, வியாழன்

யாரும் எதிலிருந்து எது வரை என்று என்னிடம் சொல்லவில்லை. உண்மை. நானும் கேட்கவில்லை. அதுவும் உண்மை. சர்வேயில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தானே? எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் நாடாவைத் தொடவேண்டும். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எப்படியாவது வெளியே போனால் போதும் என்றிருந்தது, போய் அளந்துவிட்டேன்.

என் ஸ்டேஷனை நானேதான் வெட்டியிருக்கிறேன். புகையண்ணன் கழுத்தும் என் கணக்கில்தான்.

சொன்னால்: சிரிப்பார்கள், விலக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால்: யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியுமே.

மே 8, வெள்ளி

சொல்லவேண்டாம்.

மே 9, சனி

சொல்லிவிடலாமா? மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். முழுக்கக் கேட்டாள். "ஆஸ்பத்திரியில தப்பான காலைக் கட்டிட்டா அன்னிக்கே சொல்லிடணும். மறுநாள் சொன்னா ரெண்டு காலும் தப்பாயிடும். சொல்லிட்டு வாங்க. அப்படியே முக்காலியையும் கொண்டு வாங்க."

மே 10, ஞாயிறு

பேசிவிட்டேன்.

கூட்டத்துக்கான விஷயம்: எதிரிகள் அடுத்த மாதம் 1,250க்குப் போகப்போவதாகச் செய்தி. நாம் 1,100க்குப் போகவேண்டும் என்றார் தலைவர். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். எல்லோரும் ஆதரவு என்று நினைத்து எண்ணிவிட்டார்கள். இறக்காமல் வைத்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"என்ன சார், தோள் பிடிச்சுக்கிச்சா?"

எழுதி வைத்திருந்த தாளைப் படித்தேன். தப்பு என்னுடையது என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். மூலையில் புகையண்ணன் எழுந்தார், ஒருபக்கமாகத் திரும்பிய தலையோடு. என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணன் சொல்லிட்டாரு. தப்புன்னு தெரிஞ்சுபோச்சில்ல? தண்டவாளம் ஓரமாத்தானே கெடக்கு, தூக்கக்கூட ஆள் இல்லாம? திரும்பப் போடுங்க. இல்லன்னா புதன்கிழமையிலேருந்து நீங்களே ஓட்டிக்குங்க. நான் முன்னாடி பாத்து ஓட்டி ஆறு வாரம் ஆகுது."

"போட்டா நாமதானேப்பா நீளம்! கோப்பையை என்ன பண்றது?" தலைவர் தலையில் கைவைத்தார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். "சார், ஒரு சந்தேகம். அவங்க கணக்கு, ஆள் ஏறுற எடத்துலேருந்து எறங்குற எடம் வரைக்கும். அவ்வளவுதானே?"

"ஆமாங்க."

"நம்ம பெரிய ஸ்டேஷன்ல ஏறுறாங்க. அப்புறம் எங்கயும் எறங்க விடலன்னு வெச்சுக்குங்க. சுத்திட்டு வந்து அதே கம்பத்துக்கிட்ட எறங்கறாங்க. அப்ப நீளம்?"

நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "பூஜ்யம்."

"தண்டவாளம் எத்தனை மீட்டர் இருந்தாலும்?"

"பூஜ்யம்தான்."

தலைவர் மெதுவாக எழுந்தார். "அவங்க அதுக்கும் கீழ போயிட்டா?"

"பூஜ்யத்துக்குக் கீழ போகணும்னா ஏறுன எடத்துக்குப் பின்னாடி கொண்டுபோய் எறக்கணும் சார். ரயில்ல அது முடியாது," என்றார் வக்கீல்.

கைதட்டினார்கள். ஒருமனதாக. பழைய தண்டவாளம் முழுவதையும் திரும்பப் போடுவது. ரயில் கடைசி நிறுத்தம் வரை போவது. அங்கே யாரும் இறங்கக்கூடாது. ஒருவர் இறங்கினாலும் அந்த நிமிடமே நாம் 1,440. யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு: நிலைய அதிகாரி.

நான்!

முக்காலியை மறந்துவிட்டேன்.

ஜூன் 6, சனி

வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடம் நிற்கிறது. என்ஜின் கழன்று, சுற்றிப்போய், மறுமுனையில் மாட்டிக்கொள்கிறது. புகையண்ணன் நேராகப் பார்த்து ஓட்டிவந்தார்.

என் கம்பத்தில் புதுப் பலகை: 'இறங்கக்கூடாது.' பெரிய நிலையத்தில்: 'உலகிலேயே மிகக் குட்டையான ரயில்பாதை — 0 மீட்டர்.' கோப்பைகளில் 'நாட்டிலேயே'வை அடித்து 'உலகிலேயே' என்று ஸ்டிக்கர். இருநூற்றுப் பதினான்கு பயணிகள், ஜன்னல் ஜன்னலாக. நடைமேடையில் நான் ஒருவன்தான். மிருகக்காட்சிசாலை மாதிரி இருந்தது. கூண்டு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஜன்னல் வழியாகக் கேட்டேன்: ஏன் வந்தீர்கள்? "எறங்க முடியாதுன்னாங்களே, அப்படி என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன்: "ஒரு நாள் வாயேன்." சாதாரணமாகச் சொல்வதுபோல. ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எறங்கத்தான் விடமாட்டீங்களாமே. எதுக்கு வரது?"

நியாயம்தான்.

ஜூன் 14, ஞாயிறு

மூன்றாவது நடை. இரண்டாவது பெட்டி, நான்காவது ஜன்னல். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள், நான் கேட்காமலேயே.

"முக்காலியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஜன்னல் வழியாத் தர்றேன்."

"ஜன்னல்ல நுழையாதுங்க. நாலு கால் இருக்கு அதுக்கு."

மூன்று கால்தான். அவளுக்கும் தெரியும்.

பலகையைப் பார்த்தேன். புகையண்ணனைப் பார்த்தேன். அவர் சட்டென்று நீராவி அளவுமானியை அப்படி உற்றுப் பார்க்க ஆரம்பித்தார், அதில் ஏதோ செய்தி ஓடுகிற மாதிரி. கதவைத் திறந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மேடை, கம்பம், கொடிகள் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் காட்டினேன். காட்டி முடிக்க நான்கு நிமிடம்தான் ஆயிற்று. மீதி நேரம் சும்மா இருந்தோம். "ஏன் வந்தீங்கன்னு எல்லாரையும் கேப்பீங்களாமே, என்னைக் கேக்கல?" என்றாள். கேட்டேன். "கூப்பிட்டீங்க, வந்தேன்," என்றாள்.

அவளை ஏற்றிவிட்டுப் பச்சை காட்டினேன். ரயில் கிளம்பிற்று. முக்காலி இங்கேயேதான் இருக்கிறது. அவள் அதை எடுக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

இன்று மதியம் 2.10 முதல் 2.22 வரை நம் பாதையின் நீளம் 1,440 மீட்டர். இங்கே குறித்துவைத்திருக்கிறேன். சங்கத்துக்குத் தெரிவிக்கவில்லை.